தேனீக்கு வழி காட்டுவது பூமியின் காந்தமா?

கோப்பாயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் நான்கு தேனீப் பெட்டிகள். 2024 மே 10 ஆம் திகதி பெரிய சூரியப் புயல், அதாவது சூரியனிலிருந்து வருகிற துகள்கள் பூமியின் காந்தப் புலத்தைக் குழப்புகிற நிகழ்வு, என்று செய்தி வந்தது. 13 ஆம் திகதி காலை போய்ப் பார்த்தால் இரண்டு பெட்டிகள் வெறுமை. செத்த தேனீ ஒன்றுகூட இல்லை. வதைகள் காய்ந்து கிடந்தன, அடிப்பலகையில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அதே கிழமை அவருடைய கைத்தொலைபேசிக்கு ஒரு காணொளியும் வந்திருக்கிறது: பூமியின் காந்தப் புலம் பலவீனமாகிறது, தேனீக்கள் வழி தவறிச் சாகின்றன, பெட்டி வாசலை வடக்குப் பார்த்து வையுங்கள் என்று. "ரீச்சர், இது உண்மையோ? மிச்சம் இரண்டு பெட்டியையும் திருப்பி வைக்கட்டோ?" என்று கேட்டு, பெட்டிகளின் படமும் அனுப்பியிருக்கிறார்.

திருப்ப வேண்டாம் தம்பி. தேனீக்குக் காந்தப் புலம் தெரியும் என்பது உண்மைதான். அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, விவரமாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் பெட்டிகளை வெறுமையாக்கியது அந்தப் புயல் இல்லை. முப்பது வருஷம் பௌதிகவியல் படிப்பித்தேன், அதைவிடக் கூடின காலம் தேனீயோடு பழகியிருக்கிறேன். இரண்டும் ஒன்றாய் வருகிற கேள்வி எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வெறும் பெட்டியைப் பார்ப்போம். தேனீக்கள் வெளியே போய் வழி தவறியிருந்தால் பெட்டிக்குள் என்ன மிஞ்சியிருக்க வேண்டும்? வழி தவறக்கூடியவை தீனி தேடிப் போகிற வயது வந்த தேனீக்கள் மட்டும்தான். இராணி உள்ளே இருக்கும். பிறந்து சில நாளான குஞ்சுத் தேனீக்கள் உள்ளே இருக்கும். மூடிய அறைகளில் கூட்டுப்புழு இருக்கும், மேல் ஓரங்களில் கொஞ்சம் தேனாவது இருக்கும். உங்கள் பெட்டியில் இவை ஒன்றும் இல்லை. புழு இல்லை, தேன் இல்லை, இராணி இல்லை, பிணமும் இல்லை. இது வீட்டைக் காலி செய்துகொண்டு போன குடும்பத்தின் அடையாளம்.

நம் பெட்டிகளில் இருப்பது ஏபிஸ் செரானா என்கிற பொந்துத் தேனீ. ஐரோப்பியத் தேனீயைப் போல இது ஒரே இடத்தில் கிடந்து கஷ்டப்படாது. பூ குறைந்தால், வெக்கை தாங்காவிட்டால், எறும்பும் மெழுகுப் பூச்சியும் கரைச்சல் கொடுத்தால், முழுக் கூட்டமாக எழும்பிப் போய்விடும். திடீரென்று பயந்து ஓடினால் புழுவையும் தேனையும் விட்டுவிட்டு ஓடும். யோசித்துப் போகும்போது அப்படியில்லை. இராணி முட்டையிடுவதை நிறுத்துகிறது. ஏற்கனவே இட்ட முட்டைகள் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, தேனீயாக வெளிவரும்வரை கூட்டம் காத்திருக்கிறது. அதற்கு ஏறக்குறைய மூன்று கிழமை எடுக்கும். கடைசிக் குஞ்சும் வெளியே வந்த பிறகு, இருக்கிற தேனை வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஒரு காலை வெயில் ஏறும் நேரம் எல்லாம் சேர்ந்து போகும்.

மே 13 இலிருந்து மூன்று கிழமை பின்னால் போனால் ஏப்ரல் 22. அந்தத் தேனீக்கள் போவதென்று முடிவெடுத்தபோது சூரியனில் புயல் கிளம்பவே இல்லை.

ஏன் போயின என்பதும் உங்கள் படத்தில் தெரிகிறது. பெட்டிக்கு மேலே வெறும் தகரம், சுற்றிவர மரநிழல் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தத் தகரத்தில் கை வைக்க ஏலாது. புழுக்கள் இருக்கிற இடத்தை 33 முதல் 36 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்கத் தேனீ பெரும்பாடு படுகிறது. தண்ணீர் கொண்டுவந்து வதையில் தெளித்து, வாசலில் வரிசையாய் நின்று சிறகால் விசிறிக் குளிரப் பண்ணுகிறது. தண்ணீருக்கும் விசிறலுக்கும் ஆள் போனால் தீனிக்குப் போக ஆள் குறையும். ஆள் குறைந்த பெட்டியில் வதையைக் காவல் காக்க யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் கண்ட வெள்ளை நூல் மெழுகுப் பூச்சியின் புழு பின்னியது.

இனி காந்தம். இதைச் சொல்வதற்கு முன் தேனீயின் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் ஒரு காலம் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்திருந்தோம். ஒரே ஒரு வதை, இரண்டு பக்கமும் கண்ணாடி, யன்னலுக்கு வெளியே ஒரு குழாய் வாசல். பிள்ளைகள் இடைவேளைக்குக்கூடப் போகாமல் அதன் முன்னால் நிற்பார்கள். முருங்கைப் பூவிலிருந்து வந்த ஒரு தேனீ, கால்களில் மகரந்த உருண்டையோடு, நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வரும். வந்ததும் வதையின் மேல் ஒரு நேர்கோட்டில் வயிற்றை இருபுறமும் வேகமாக ஆட்டிக்கொண்டு ஓடும். பிறகு வலப்பக்கம் அரை வட்டம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வரும். மறுபடி அதே நேர்கோடு, இந்த முறை இடப்பக்கம் சுற்று. பக்கத்தில் நிற்கிற நாலைந்து தேனீக்கள் உணர்கொம்பை அதன் உடம்பில் முட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடும். இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கார்ல் வொன் ஃபிரிஷ். 1973 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓடுகிற கோட்டின் திசைதான் செய்தி. வதையில் நேர் மேல்நோக்கி ஓடினால் சூரியன் இருக்கிற திசைக்கே போ என்று பொருள். நேர் மேலிலிருந்து வலப்புறம் 40 பாகை சரித்து ஓடினால், சூரியனுக்கு வலப்புறம் 40 பாகையில் பூ இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆட்டிக்கொண்டு ஓடுகிறதோ அவ்வளவுக்குத் தூரம்.

ஆக, தேனீயின் முதல் திசைகாட்டி சூரியன். மேகம் மறைத்தால் வானத்தின் ஒரு நீலத் துண்டு போதும். அந்த வெளிச்சத்தின் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை, கண்ணால் பிரித்து, சூரியன் நிற்கிற இடத்தை அறிந்துகொள்ளும். ஊரின் அடையாளங்களும் மனத்தில் இருக்கும்: பனங்கூடல், கோயில் கோபுரம், தோட்டத்து வரம்பு.

இந்த இடத்தில் நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் வருகிறது. வொன் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களின் நடுவில் இலங்கைக்கு வந்து, பேராதனையில் நம் தேனீக்களை ஆராய்ந்தார். பொந்துத் தேனீ, மலைத் தேனீ, கொம்பில் ஒற்றை வதை கட்டுகிற கொம்புத் தேனீ மூன்றையும் பார்த்தார். கொம்புத் தேனீ தன் வதையின் தட்டையான மேற்பரப்பில் நின்று, பூ இருக்கிற பக்கத்தை நேரடியாகக் காட்டி ஆடுவதை அவர்தான் விளக்கி எழுதினார். அவர் கேட்ட இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஐரோப்பாவில் சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு மேல் வராது. இங்கே வருஷத்தில் இரண்டு தடவை வரும். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புதுவருஷத்தை ஒட்டி, ஏப்ரல் 15 வாக்கில், பகல் 12.10 மணியளவில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் சூரியன் நேர் கீழே தண்ணீரில் தெரியும். ஆகஸ்ட் கடைசியிலும் ஒருக்கா அப்படி நடக்கும். அந்த நிமிஷங்களில் சூரியனுக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஒரு பக்கமும் கிடையாது. அப்போது தேனீ என்ன செய்யும்?

சூரியன் உச்சிக்கு இரண்டு மூன்று பாகைக்குள் வந்ததும் ஆட்டம் திசை கெட்டது, பல தேனீக்கள் வெளியே போவதையே நிறுத்திக்கொண்டன என்று லிண்டாவர் கண்டார். சூரியன் சற்றுச் சரிந்த பிறகு பழையபடி வேலை தொடங்கியது. தம்பி, உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. காந்தம் தேனீயின் பிரதான திசைகாட்டியாக இருந்திருந்தால், சூரியன் உச்சியில் நிற்கிற அந்தச் சில நிமிஷங்களுக்கு அது காந்தத்தைப் பிடித்துக்கொண்டு பறந்திருக்கும். அது பறக்கவில்லை. காத்திருந்தது.

பிறகு காந்தம் எங்கே உதவுகிறது? இருட்டுக்குள்ளே. இதையும் லிண்டாவர்தான், ஹெர்மன் மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து, ஜேர்மனியில் கண்டார். தேனீயின் ஆட்டத்தில் ஒரு சின்னப் பிழை எப்போதும் இருக்கும். காட்ட வேண்டிய திசையிலிருந்து சில பாகை விலகி ஆடும், அந்த விலகல் நேரத்துக்கு நேரம் மாறும். வெகு காலமாக இதற்குக் காரணம் தெரியவில்லை. அவர்கள் பெட்டியைச் சுற்றிக் கம்பிச் சுருள்கள் வைத்து, மின்சாரம் ஓட்டி, பூமியின் காந்தப் புலத்தை அந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய இல்லாமற் பண்ணினார்கள். பிழை மறைந்துவிட்டது. சுருளை நிறுத்தினால் பிழை திரும்பி வந்தது. 1968 இல் வெளியான இந்த ஆய்வுதான் தேனீக்குக் காந்தம் புரிகிறது என்பதற்கு முதல் உறுதியான அத்தாட்சி. இதில் கவனிக்க வேண்டியது, காந்தம் அங்கே ஆட்டத்தைத் திருத்தவில்லை, கொஞ்சம் குழப்பியது.

அடுத்து வதையைக் கிடையாகப் போட்டுப் பார்த்தார்கள். கிடையான வதையில் மேல், கீழ் இல்லை. சூரியனையும் மறைத்துவிட்டால் தேனீக்குப் பிடிமானம் ஒன்றும் இல்லை, ஆட்டம் எல்லாப் பக்கமும் சிதறும். ஆனால் சில கிழமைகள் அப்படியே விட்டபோது ஆட்டங்கள் மெல்ல மெல்லக் காந்த வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகிய நான்கு பக்கங்களை நோக்கிச் சேர்ந்தன. புலத்தை இல்லாமற் செய்ததும் அந்த ஒழுங்கும் போனது.

என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றிலும் அழகானது வதை கட்டுகிற விஷயம். உரும்பிராயில் என் அம்மப்பா தேனீயைப் பானையில்தான் வளர்த்தார். வாய் குறுகின மண்பானை, பக்கத்தில் விரல் போகிற அளவு துளை, மாமரத்துக் கவரில் கவிழ்த்துக் கட்டியிருக்கும். 1995 இடப்பெயர்வில் பானையை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனோம். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பானைக்குள் தேனீ இருந்தது. அந்தப் பானையை நான் சின்ன வயதில் பலமுறை உள்ளே பார்த்திருக்கிறேன். ஐந்தாறு வதைகள், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, தோசைகளை நிறுத்தி அடுக்கினது போலத் தொங்கும். பானை வட்டம். எந்தப் பக்கம் வதை கட்டத் தொடங்குவது என்று சொல்ல அதில் ஒரு மூலையும் இல்லை. கும்மிருட்டில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒரே நேரத்தில் பல இடத்தில் மெழுகு வைக்கத் தொடங்குகின்றன. ஒருவரும் கட்டளையிடவில்லை. எல்லா வதையும் எப்படி ஒரே திசையில் வருகின்றன?

டி ஜோங் என்பவர் 1982 இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை கிடைத்தது. தாய்க்கூட்டிலிருந்து பிரிந்த கூட்டத்தை வட்டமான புதுக் கூட்டில் விட்டால், தாய்க்கூட்டில் வதை எந்தக் காந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புது வதையையும் கட்டுகிறது. காந்தத்தால் புலத்தைத் திருப்பினால் வதையும் திரும்புகிறது. ஆட்டமும் பேச்சும் இல்லாத இடத்தில், எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவுகோலாகப் பூமியின் காந்தம் நிற்கிறது. சூரியனை மட்டும் நம்பினால் முடியாத வேலை இது.

வெளியேயும் ஓரளவு உதவி உண்டு. முதல் தடவை வெளியே வரும் தேனீ உடனே பறந்து போய்விடாது. வாசலுக்கு எதிரே, முகத்தைப் பெட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு, ஊஞ்சல் ஆடுவதுபோல இடமும் வலமுமாகப் பறந்து பார்த்துப் பழகும். 1994 இல் கொலெட், பரோன் என்ற இருவர் காட்டியது என்னவென்றால், தேனீ ஓர் அடையாளத்தைப் பார்த்து மனத்தில் பதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே திசை பார்த்து நிற்க முயல்கிறது, வானம் தெரியாவிட்டால் அந்தத் திசையைக் காந்தத்தால் பிடித்துக்கொள்கிறது. படம் எடுக்கிறவர் எப்போதும் ஒரே இடத்தில் நின்று எடுப்பது போல.

உடம்பில் எந்த உறுப்பால் இதை உணர்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. சின்ன வயதில் காந்தத்தை மணலில் இழுத்து விளையாடியிருப்பீர்கள். கரிய தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கரிய தூளில் இருப்பது பெரும்பாலும் மக்னடைட், இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். 1978 இல் கோல்ட், கிர்ஷ்விங்க், டெஃபீஸ் மூவரும் தேனீயின் வயிற்றில் அதேமாதிரி காந்தப் பொருள் இருப்பதைக் கண்டார்கள். வயிற்றுக் கொழுப்பு உயிரணுக்களில் இரும்புத் துணிக்கைகள் இருப்பதும் பிறகு தெரிந்தது. ஆனால் அவைதான் உணர்கருவியா, இல்லை உடம்பு இரும்பைச் சேர்த்து வைக்கிற களஞ்சியமா என்று இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்கிறார்கள். பறவைகளில் பேசப்படுகிற இன்னொரு வழி, கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம். பழ ஈயிடம் இருக்கிற ஒளியுணரும் வகைக் கிரிப்டோகுரோம் தேனீயிடம் இல்லை. அதனால் நான் மக்னடைட் பக்கம் சாய்கிறேன். 2017 இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு அந்தச் சாய்வைப் பலப்படுத்தியது. தேனீயை ஒரு கணம் மிகப் பலமான காந்தத் துடிப்புக்கு உட்படுத்தியபோது, அதன் பிறகு அவற்றால் காந்த வேறுபாட்டை அறிந்து சீனிப்பாகைத் தேடிப் போக முடியவில்லை. காந்தத் துணிக்கைகளின் ஒழுங்கு குலைந்தால் அப்படித்தான் நடக்கும்.

அந்த உணர்வின் கூர்மையைக் கேட்டால் அதிசயமாக இருக்கும். ஹவாயில் வோக்கர், பிட்டர்மன் இருவரும் சீனிப்பாகு கொடுத்துப் பழக்கிய தேனீக்களில், நடுத்தரமானவை 250 நனோ டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கிற மிகச் சிறிய அலகு) மாற்றத்தைக் கண்டுபிடித்தன. மிகக் கூர்மையானது 26 நனோ டெஸ்லாவைக் கண்டுபிடித்தது. யாழ்ப்பாணத்தில் பூமியின் புலம் ஏறத்தாழ 40,000 நனோ டெஸ்லா. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நாம் இருக்கிற இடமும் சாதாரணமானது இல்லை. பூமியின் புலம் நிலத்துக்குள் எவ்வளவு சரிந்து இறங்குகிறது என்று ஒரு கணக்கு உண்டு. ஜேர்மனியில் அது 65 பாகை அளவில் சரிந்து இறங்கும். காந்த மத்திய கோட்டில் கிடையாக, தரையோடு தரையாகப் போகும். அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. அதனால்தான் 1963 நவம்பர் 21 இல் இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட்டை திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலிருந்து ஏவினார்கள். நமக்கும் சரிவு ஒரு சில பாகைதான். இன்னொன்று, இந்தக் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 105 கிலோமீற்றர் உயரத்தில், பகலில் ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் இங்கே காந்தப் புலம் தினமும் காலையில் ஏறி, உச்சிப் பகலில் கூடி, பின்னேரம் இறங்கும். ஏற்ற இறக்கம் பல நாட்களில் நூறு நனோ டெஸ்லாவை எட்டும். காந்தத்தின் இந்தத் தினசரி மூச்சைத் தேனீ நேரம் அறியப் பயன்படுத்தக்கூடும் என்றுகூட லிண்டாவர் எண்ணினார். அது நிலைநாட்டப்பட்ட கருத்தாக ஆகவில்லை. எப்படியோ, வடக்கே இருக்கிற தேனீயைவிட நம் தேனீ காந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகினது.

மே 10 இரவு தொடங்கின புயலில் மத்திய கோட்டுப் பகுதிகளில் புலம் ஏறத்தாழ 400 நனோ டெஸ்லா குறைந்தது. 2003 க்குப் பிறகு வந்த பெரிய புயல் அது, லடாக்கில்கூட வானம் சிவந்தது. 400 என்பது தேனீ உணரக்கூடிய அளவுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 40,000 இல் 400 என்றால் நூற்றில் ஒன்று. அதுவும் பலம் குறைந்தது, திசை மாறவில்லை. ஒரு திசைகாட்டி ஊசி கோப்பாயில் அந்த இரவு ஒரு பாகைகூடத் திரும்பியிராது. தொடங்கின நேரம் நமக்கு இரவு பத்தரை, உங்கள் தேனீக்கள் வீட்டுக்குள்ளே இருந்தன. காந்தக் குழப்பமுள்ள நாட்களில் தேனீ கூடு திரும்புவது குறைகிறது என்று 2014 இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. புயல் நாளில் தீனிக்குப் போனதில் சில திரும்பாமல் விடலாம். ஒரு முழுக் குடும்பம் புழுவும் தேனும் மிச்சம் வைக்காமல் கிளம்புவது வேறு கதை.

ஒன்று செய்து பாருங்கள். உங்கள் கைத்தொலைபேசியில் திசைகாட்டிச் செயலியைத் திறந்து, பெட்டிக்கு ஆறடி தள்ளி நின்று வடக்கைப் பாருங்கள். பிறகு மெல்லத் தகரத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். வடக்கு எங்கேயோ ஓடிப்போகும். அந்த ஒரு தகரம் பெட்டிக்குள் செய்கிற காந்த மாற்றம், சூரியன் அனுப்பிய புயலைவிடப் பெரியது. அப்படியிருந்தும் தகரக் கூரைக்குக் கீழே, நிழலில், நன்றாக இருக்கிற பெட்டிகளை நீங்களே கண்டிருப்பீர்கள்.

புலம் பலவீனமாகிறது என்ற செய்தியிலும் பாதி உண்மை. கடந்த 200 வருஷத்தில் உலகச் சராசரியில் ஏறத்தாழ நூற்றில் ஒன்பது பங்கு குறைந்திருக்கிறது. ஒரு வேலைக்காரத் தேனீ வாழ்கிற ஐந்தாறு கிழமையில் அது உணர்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. பூமியின் காந்த வடமுனையும் தென்முனையும் இடம் மாறியது கடைசியாக ஏறத்தாழ 7,80,000 வருஷத்துக்கு முன். தேனீ இனத்தின் கற்படிவங்களோ இரண்டரைக் கோடி வருஷத்துக்கு மேல் பழமையானவை. அந்தக் காலத்துக்குள் எத்தனையோ தடவை முனைகள் மாறின, தேனீ இருக்கிறது.

மனிதர் உண்டாக்குகிற புலத்தை நான் இதே மாதிரி ஒதுக்கமாட்டேன். 2018 இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே தரையில் இருக்கிற அளவான 20 முதல் 100 மைக்ரோ டெஸ்லாப் புலத்தில் தேனீயை வைத்துப் பார்த்தார்கள். கற்கும் திறனும் தீனி தேடும் பறப்பும் குறைந்தன. அது ஒரு விநாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாக மாறி மாறி வரும் புலம், நம் நாட்டு மின்சாரமும் அதே ஐம்பதுதான். நூறு மைக்ரோ டெஸ்லா என்றால் ஒரு இலட்சம் நனோ டெஸ்லா, பூமியின் புலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே பெரிய மின்கம்பி வரிசைக்குக் கீழேயும் ட்ரான்ஸ்ஃபோமருக்கு அருகேயும் பெட்டி வைக்காதீர்கள். வீட்டு வயருக்குப் பயப்படத் தேவையில்லை.

கைத்தொலைபேசிக் கோபுரம் பற்றியும் ஆட்கள் கேட்பார்கள். அது வானொலி அலை, பூமியின் காந்தப் புலம் என்ற கதையோடு சேராது. கைத்தொலைபேசியால் தேனீக்கள் அழிகின்றன என்று 2007 இல் ஒரு பிரித்தானியப் பத்திரிகை பரப்பிய செய்திக்கு அடிப்படையாக இருந்தது, வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசியின் அடித்தளத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துச் செய்த ஒரு சிறிய முன்னோட்டச் சோதனை.

வாசல் எந்தப் பக்கம் என்றால், கிழக்கு அல்லது தென்கிழக்கு. காலை வெயில் வாசலில் பட்டால் வெள்ளனவே வேலைக்குப் போகும். வைகாசியிலிருந்து சோளகம் அடிக்கிற வளவில் தென்மேற்குப் பக்கம் திறந்திருக்கக் கூடாது, கிடுகு வேலி ஒன்றாவது மறைக்க வேண்டும். பெட்டியை மாமரத்துக்கோ வேம்புக்கோ கீழே கொண்டுபோங்கள். ஆனால் ஒரே நாளில் முப்பது அடி தூக்கி வைத்துவிடாதீர்கள், வெளியே போனவை பழைய இடத்துக்குத்தான் வரும். பின்னேரத்தில் இரண்டு மூன்று அடியாக, நாளுக்கு நாள் நகர்த்துங்கள். தகரத்துக்கும் மூடிக்கும் இடையில் கிடுகு அடுக்குங்கள். கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வையுங்கள், எறும்பு ஏறாது. இன்னொரு சிரட்டையில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள், நின்று குடிக்கட்டும். வெறுமையான இரண்டு பெட்டியின் வதைகளையும் இன்றைக்கே எடுத்து உருக்கிவிடுங்கள். அந்தப் பூச்சி மிச்சம் இரண்டுக்கும் போகும். இருக்கிற பெட்டிகளில் தேன் இல்லாவிட்டால் சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, பொழுதுபட்ட பிறகு உள்ளே வையுங்கள். பகலில் வைத்தால் களவுக்கு மற்றக் கூட்டம் வரும்.

எல்லாவற்றையும்விட, மூன்று கிழமைக்கு ஒருக்கா என்றில்லாமல் கிழமைக்கு ஒருக்கா ஒரு சட்டத்தையாவது தூக்கி முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அறையின் அடியில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாய் ஒன்று நிற்கும். வெயிலை முதுகுப் பக்கம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முட்டை நின்றுபோனால் அவை போகத் தயாராகின்றன என்று அர்த்தம். அப்போதும் உங்களுக்கு ஒன்றிரண்டு கிழமை இருக்கிறது.

காந்தத்தைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் ஒரு வேலை இருக்கிறது. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பியத் தேனீயில், புலம் சரிந்து இறங்குகிற நாடுகளில் செய்தவை. நம்முடையது வேறு தேனீ, நம் புலம் தரையோடு கிடக்கிறது. அடுத்த தடவை ஒரு பெட்டியிலிருந்து கூட்டம் பிரியும்போது, தாய்ப்பெட்டியின் வதைத் திசையைத் திசைகாட்டியில் குறியுங்கள், ஆணியும் தகரமும் இல்லாத தூரத்தில் நின்று. பிரிந்த கூட்டத்தைப் பெட்டியில் போடாமல் வட்டப் பானையில் போடுங்கள். பானையை இருட்டில், இரும்பு கிட்ட இல்லாத இடத்தில் வையுங்கள். பத்து நாள் கழித்து மெல்லத் திறந்து புது வதையின் திசையைக் குறியுங்கள். ஒரு கூட்டத்தில் சரிவந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். பத்துப் பதினைந்து கூட்டத்தின் கணக்கு வேண்டும், அதற்கு நாலைந்து பேர் சேர வேண்டும். அம்மப்பாவின் பானையில் இரண்டு இன்னும் உடையாமல் என்னிடம் இருக்கின்றன. வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள், மற்றதில் நான் பார்க்கிறேன்.